தொட்டிலும் தொழிலும்

நுழையும்முன்

பெண் கல்வி கற்றாள், பணிக்குச் சென்றாள், பொருளீட்டினாள். ஆயினும், அவள் பணிக்குச் செல்லும் நேரத்தில் அவளுடைய குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்னும் வினாவுக்குச் சமூகம் இன்னும் முழுமையான விடை கூறவில்லை. இவ்வினாவை ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டுக்குள்ளேயே தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. சட்டமும் அரசும் தொழிலகமும் இதில் பங்கேற்கத் தொடங்கிய வரலாற்றையும், இன்னும் எஞ்சியிருக்கும் பணியையும் இக்கட்டுரை விளக்குகிறது.

தூளி தந்த மூன்று வசதிகள்

நடவு நடக்கும் வயல். வரப்போரத்து மரக்கிளையில் பழைய சேலையால் கட்டிய தூளி ஒன்று தொங்குகிறது. அதற்குள் கைக்குழந்தை உறங்குகிறது. மர நிழலில் ஒரு முதியவளோ குழந்தையின் அக்காளோ அமர்ந்து தூளியை ஆட்டிக்கொண்டிருக்கிறாள். குழந்தை அழுதால் தாய் சேற்றிலிருந்து கரையேறி, கைகால் கழுவி, பால் கொடுத்துவிட்டு மீண்டும் வரிசையில் இறங்குகிறாள். தமிழகச் சிற்றூர்களில் பல தலைமுறைகள் கண்ட காட்சி இது.

இக்காட்சியில் மூன்று வசதிகள் அடங்கியுள்ளன. முதலாவது அண்மை, தாய் வேலை செய்யும் இடத்திலேயே குழந்தையும் இருக்கிறது. இரண்டாவது நேரம், தேவைப்படும்போது வேலையைச் சற்று நிறுத்த முடிகிறது. மூன்றாவது ஆள், தாய் வேலை செய்யும்போது குழந்தையைக் கவனிக்க ஒருவர் இருக்கிறார். இம்மூன்றுக்கும் அவள் தனியே பணம் செலுத்தவில்லை.

அதனால் அக்காலத்து வாழ்க்கை துன்பமற்றது என்று கருதிவிடலாகாது. வெயிலும் மழையும் பூச்சி பொட்டுகளும் தூளியை அணுகின. அடிக்கடி கரையேறும் பெண்ணின் கூலியில் குறைவு நேர்ந்தது. தூளியை ஆட்டிய அக்காள் அந்நேரத்தில் பள்ளியில் இருந்திருக்க வேண்டியவள். தூளி ஒரு தற்காப்பு ஏற்பாடே தவிர, நிறைவான ஏற்பாடன்று. எனினும், பணிபுரியும் தாய்க்கு எவை தேவை என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது. பின்வந்த காலம் இம்மூன்று வசதிகளையும் ஒவ்வொன்றாக அவளிடமிருந்து பிரித்தது.

ஆலைச் சங்கின் ஓசை

ஆலைத்தொழில் பெருகியபோது வீடும் வேலையும் இரண்டு இடங்களாயின. ஆலைச் சங்கு ஒலித்தவுடன் தொழிலாளி இயந்திரத்தின் முன் நிற்க வேண்டும். மீண்டும் அது ஒலிக்கும்வரை அவ்விடத்தைவிட்டு நகரலாகாது. ஆலைக்குள் குழந்தைக்கு இடமில்லை. நகரத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பத்தில் பாட்டியும் அத்தையும் உடனில்லை.

இந்நிலை முதலில் ஐரோப்பிய நகரங்களில் தோன்றியது. அதற்குத் தீர்வு காணும் முயற்சியும் அங்கேயே தொடங்கியது. 1844ஆம் ஆண்டில் பாரிசு நகரில் பிர்மின் மார்போ என்பவர் பணிபுரியும் ஏழைத் தாய்மார்களின் கைக்குழந்தைகளுக்காகப் பகல்நேரக் காப்பகம் ஒன்றைத் தொடங்கினார். அது ‘கிரீச்’ எனப்பட்டது. மாட்டுத்தொழுவத்துத் தீவனத் தொட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் அது. குழந்தை இயேசு கிடத்தப்பட்ட இடத்தையும் அச்சொல் நினைவூட்டும். அப்பெயரே பின்னர் உலகெங்கும் பரவியது.

இந்தியாவில் பருத்தி ஆலைகளிலும் தேயிலைத் தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் பெண்கள் பெருந்தொகையாகப் பணிபுரிந்தனர். இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழர், கொழுந்து பறிக்கும் தாய்மார் தம் குழந்தைகளை விட்டுச்செல்லும் அறையைப் ‘பிள்ளைக் காம்பரா’ என்று அழைத்தனர். புதிய ஏற்பாட்டுக்கு உழைக்கும் மக்கள் தாமே சூட்டிய பெயர் அது.

சட்டம் கட்டிய தொட்டில்

1919ஆம் ஆண்டில் வாசிங்டனில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் முதல் மாநாடு, மகப்பேற்றுப் பாதுகாப்புக்கென ஓர் உடன்படிக்கையை ஏற்றது. 1928ஆம் ஆண்டில் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேற்று உதவி மசோதா விவாதிக்கப்பட்டபோது, அண்ணல் அம்பேத்கர் அதனை ஆதரித்துப் பேசினார். பேறுகாலத்தின் முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்பதும், அச்சுமையை அரசும் ஏற்க வேண்டும் என்பதும் அவருடைய கருத்துகளாகும். பம்பாய் மாகாணத்தில் அச்சட்டம் 1929ஆம் ஆண்டில் நிறைவேறியது.

விடுதலைக்குப் பின்னர், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பின் ஒரு பகுதியைச் சட்டங்கள் தொழிலகத்தின்மீது வைத்தன. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பெண்கள் பணிபுரியும் ஆலையில், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் அமைக்க வேண்டும் என்றது. முதலில் 50 பெண்களுக்கு மேல் என்றிருந்த வரம்பு, 1976ஆம் ஆண்டின் திருத்தத்தால் 30 பெண்களுக்கு மேல் என மாற்றப்பட்டது. காப்பக அறை காற்றோட்டமும் வெளிச்சமும் தூய்மையும் உடையதாக இருத்தல் வேண்டும்; குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற பெண்களின் பொறுப்பில் இருத்தல் வேண்டும் என்றும் அச்சட்டம் வரையறுத்தது.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமும், 1996ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டமும் தத்தம் துறைகளில் காப்பகத்தை வலியுறுத்தின. கிராமப்புறங்களில் ‘நூறு நாள் வேலை’ என வழங்கப்பட்ட வேலை உறுதித் திட்டத்துக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டமும் இதனை மறக்கவில்லை. பணியிடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகளோ அதற்கு மேற்பட்டோரோ வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி, அவருக்கும் கூலி வழங்க அச்சட்டம் வழிசெய்தது. குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் கூலிக்குரிய வேலையே என்று ஒரு சட்டம் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது குறிப்பிடத்தக்கதாகும்.

1961ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டம் ஊதியத்துடன் கூடிய 12 வார விடுப்பை அளித்தது. பணிக்குத் திரும்பிய தாய், குழந்தைக்குப் பதினைந்து மாதம் நிறையும்வரை பாலூட்டுவதற்காக நாள்தோறும் இருமுறை இடைவேளை பெறவும் அது உரிமை தந்தது. 2017ஆம் ஆண்டின் திருத்தம் முதலிரு குழந்தைகளுக்கு இவ்விடுப்பை 26 வாரங்களாக உயர்த்தியது. 50 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனம் காப்பக வசதி செய்தல் வேண்டும். தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்குச் சென்றுவர அனுமதிக்கப்படுதல் வேண்டும். பணியின் தன்மை இடங்கொடுத்தால், இருதரப்பும் ஒத்துக்கொள்ளும் வகையில் விடுப்புக்குப் பின் வீட்டிலிருந்தே பணிபுரியலாம் என்பவையும் அத்திருத்தத்தில் இடம்பெற்றன. தூளி தந்த அண்மை, நேரம், ஆள் ஆகிய மூன்று வசதிகளும் இங்குச் சட்டத்தின் சொற்களில் மீண்டும் வந்திருப்பதைக் காணலாம்.

தெரிந்து தெளிவோம்

1969ஆம் ஆண்டில் காந்தியடிகள் நூற்றாண்டு விழாவுக்காகத் தில்லி ராஜ்காட்டில் கட்டுமானப் பணி நடைபெற்றது. கல்லும் மண்ணும் சுமந்த பெண்களின் குழந்தைகள் புழுதியில் கிடப்பதைக் கண்ட மீரா மகாதேவன் என்பவர், அங்கேயே ஒரு கூடாரத்தில் குழந்தைகள் காப்பகத்தைத் தொடங்கினார். கட்டடம் எழும் இடமெல்லாம் உடன்செல்லும் ‘மொபைல் கிரீச்சஸ்’ என்னும் அமைப்பாக அது வளர்ந்தது. வேலையோடு இடம்பெயரும் தொழிலாளிக்கு, அவரோடு இடம்பெயரும் காப்பகமே பயன்படும் என்பதை இம்முயற்சி உணர்த்தியது.

எண்ணிக்கைக்கு வெளியே நிற்பவர்கள்

இத்தனை சட்டங்கள் இருந்தும் பெரும்பாலான தாய்மார்களுக்குக் காப்பகம் எட்டாததற்குக் காரணங்கள் உள்ளன.

முதற்காரணம் சட்டம் எண்ணும் முறையாகும். இத்தனை பெண்கள் பணிபுரிந்தால் காப்பகம் வேண்டும் என்று விதித்தால், செலவு பெண்களின் எண்ணிக்கையோடு பிணைக்கப்படுகிறது. வரம்பை எட்டாமல் பார்த்துக்கொள்ளலாமே என்னும் எண்ணம் வேலையளிப்பவருக்குத் தோன்றக்கூடும். குழந்தையின் நலனுக்காக எழுதப்பட்ட விதி, பெண்ணுக்கு வேலை தருவதற்கே தயங்கச் செய்யலாம். 2017ஆம் ஆண்டின் திருத்தம் பெண்களை மட்டும் எண்ணாமல் ஊழியர் அனைவரையும் எண்ணியது இக்குறையைக் களையும் வழியாகும். குழந்தை தாய்க்கு மட்டும் உரியதன்று என்னும் கருத்தும் அதில் பொதிந்துள்ளது.

ஆயினும், அச்சட்டத்தின்படி மகப்பேற்று விடுப்புக் காலத்து ஊதியத்தை வேலையளிப்பவரே முழுமையாகத் தர வேண்டியுள்ளது. தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டத்தில் சேர்ந்துள்ள தொழிலாளிக்கோ அத்தொகையை ஈட்டுறுதிக் கழகம் வழங்குகிறது. பலர் செலுத்தும் பங்களிப்பிலிருந்து ஒரு தாய்க்கு உதவி செல்வதால், அவளைப் பணியமர்த்திய முதலாளிக்குத் தனிச்சுமை ஏற்படுவதில்லை. ஒரே உரிமையை இரண்டு வழிகளில் வழங்கலாம்; அவற்றுள் எது பெண்ணின் வேலைவாய்ப்பைக் காக்கும் என்பதை இவ்வேறுபாடு புலப்படுத்துகிறது.

இரண்டாவது காரணம் இன்னும் பெரியது. இந்தியப் பெண் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோர் அமைப்புசாராத் துறையினர். வீட்டு வேலை செய்பவர், தெருவோரத்தில் பூவும் காயும் விற்பவர், சிறு தையற்கூடத்தில் துணி தைப்பவர், வயலில் கூலி வேலை செய்பவர் ஆகியோர் 50 ஊழியர் உள்ள நிறுவனம் எதிலும் இல்லை. அவர்களுக்கு விடுப்பும் இல்லை, இடைவேளையும் இல்லை. வேலைக்குச் செல்லாத நாளுக்குக் கூலியும் இல்லை. நிறுவனத்தின் வாயிலில் தொடங்கும் சட்டம் அவ்வாயிலுக்கு வெளியே நிற்பவரைச் சென்றடைவதில்லை.

தமிழ்நாடு இட்ட அடித்தளம்

வாயிலுக்கு வெளியே நிற்பவருக்கு அரசே நேரடியாக வழங்கும் பொதுச்சேவை துணைசெய்யும். இதில் தமிழ்நாட்டுக்கு நெடிய பட்டறிவு உண்டு.

1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் நாட்டில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது. அதன் அங்கன்வாடி மையங்கள் சத்துணவு, தடுப்பூசி, முன்பருவக் கல்வி ஆகியவற்றைக் குழந்தைகளுக்கு வழங்குகின்றன. 1982ஆம் ஆண்டில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிய சத்துணவுத் திட்டம், சிற்றூர்தோறும் குழந்தைகள் மையங்களை வலுப்படுத்தியது. ஊரின் நடுவே ஒரு மையம், அதில் உணவு, அவ்வூர்ப் பெண்ணே பணியாளர் என்னும் அமைப்பு இவ்வாறு வேரூன்றியது.

2022ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் மதுரையில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கானது. அது குழந்தையின் பசியை ஆற்றுகிறது. விடியலில் வேலைக்குக் கிளம்பும் தாயின் நேரத்தையும் மிச்சப்படுத்துகிறது. அரசுப் பணியில் உள்ள பெண்களுக்கான மகப்பேற்று விடுப்பைத் தமிழ்நாடு அரசு 2011இல் ஆறு மாதமாகவும், 2016இல் ஒன்பது மாதமாகவும், 2021இல் ஓராண்டாகவும் படிப்படியாக உயர்த்தியது.

இந்தியத் தொழிற்சாலைகளில் பணிபுரியும் பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் இருவர் தமிழ்நாட்டில் பணிபுரிகின்றனர். ஆகவே, குழந்தைகள் காப்பகம் என்பது இங்குப் பல இலட்சம் குடும்பங்களின் அன்றாடத் தேவையாகும். அத்தேவையை அங்கன்வாடியால் மட்டும் நிறைவுசெய்ய இயலாது. தாய் விடுப்பு முடிந்து பணிக்குத் திரும்பும்போது குழந்தைக்கு ஆறு மாதம். அங்கன்வாடியில் பகல் முழுதும் இருக்கும் குழந்தைக்கோ இரண்டு வயதுக்கு மேலாகிறது. இடைப்பட்ட காலத்தில் குழந்தை எங்கே இருக்கும்? திருப்பூரின் பின்னலாடை நிறுவனங்களில் காலை எட்டரை மணிக்குத் தொடங்கும் வேலை, சரக்கு அனுப்ப வேண்டிய நெருக்கடி நாள்களில் இரவு எட்டு மணியையும் தொடும். மாலைக்கு முன்பே மூடப்படும் மையம் அத்தாய்க்கு எவ்வாறு உதவும்? வயதிலும் நேரத்திலும் உள்ள இவ்விடைவெளியில்தான் பல பெண்கள் தம் வேலையை இழக்கின்றனர்.

அங்கன்வாடியுடன் காப்பகத்தையும் இணைப்பது இவ்விடைவெளியை நிரப்பும் வழிகளுள் ஒன்று. 2022ஆம் ஆண்டு முதல் ஒன்றிய அரசு செயற்படுத்தும் ‘பால்னா’ திட்டம் இந்நோக்குடையது. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளை நாளொன்றுக்கு ஏழரை மணிநேரம் பார்த்துக்கொள்ளும் காப்பகங்களை அது வகுத்துள்ளது. இத்தகைய காப்பகங்கள் தேவைப்படும் ஊர்கள் அனைத்தையும் அடையும்போதுதான் திட்டத்தின் நோக்கம் நிறைவேறும்.

நல்ல காப்பகம் எது?

ஒரு தாய் காப்பகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான்கு வினாக்களை எழுப்புகிறாள். அது எவ்வளவு தொலைவில் உள்ளது? எப்போது திறந்து எப்போது மூடும்? கட்டணம் எவ்வளவு? அங்குள்ளவரை நம்பிக் குழந்தையை விடலாமா? இந்நான்கில் ஒன்று பொய்த்தாலும் மற்ற மூன்றும் பயன்படுவதில்லை. இரண்டு பேருந்து மாறிச் செல்ல வேண்டிய இலவசக் காப்பகத்தால் பயனில்லை. அருகிலேயே இருந்தும் ஊதியத்தில் பாதியை விழுங்கும் காப்பகமும் அத்தகையதே.

கட்டணம் குடும்பத்தின் வருவாய்க்கேற்ப அமைவது நலம். தேசியக் குழந்தைகள் காப்பகத் திட்டத்தின் நெறிமுறைகள், வறுமைக்கோட்டின்கீழ் உள்ள குடும்பத்துக்கு மாதம் 20 ரூபாய், மாத வருவாய் 12,000 ரூபாய் வரையுள்ள குடும்பத்துக்கு 100 ரூபாய், அதற்கு மேற்பட்டோருக்கு 200 ரூபாய் எனக் கட்டணத்தைப் படிநிலைப்படுத்தின. சிறுதொகை ஒன்றைச் செலுத்தும் பெற்றோர், காப்பகத்தின் தரத்தைக் கேட்டறியும் உரிமை தமக்குண்டு என்று உணர்கின்றனர். எஞ்சிய செலவை அரசு ஏற்கிறது.

தரம் என்பது வண்ணச் சுவர்களிலும் பொம்மைகளிலும் மட்டும் இல்லை. பிறந்தது முதல் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே தருதல் வேண்டும். அதன்பின் இணையுணவுடன் இரண்டு வயதுவரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பாலைத் தொடர்தல் வேண்டும் என உலகச் சுகாதார அமைப்பு அறிவுறுத்துகிறது. பணியிடத்துக்கு அருகில் உள்ள காப்பகமே இதனை இயலச் செய்யும். தவழும் குழந்தையைத் தூக்கவும், அதன் மழலைக்கு மறுமொழி கூறவும், பசியையும் காய்ச்சலையும் முகக்குறியிலேயே அறியவும் பயிற்சி பெற்றவர் வேண்டும். மூளை விரைந்து வளரும் அவ்வயதில் பேச்சும் விளையாட்டும் அணைப்பும் உணவுக்கு நிகரானவை. ஒரே பணியாளரிடம் பல கைக்குழந்தைகளை ஒப்படைத்தால், அவரால் காவல் காக்க முடியுமே தவிர வளர்க்க முடியாது.

காப்பகம் காக்கும் மற்றொருவரும் உண்டு. தாய் வேலைக்குச் செல்லும் ஏழைக் குடும்பத்தில், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மூத்த மகள்மீது விழுகிறது. ஒருநாள் விடுப்பாகத் தொடங்குவது ஒரு வாரமாகி, பின்னர் பள்ளியிலிருந்தே நின்றுவிடுவதில் முடிகிறது. ஊரில் ஒரு காப்பகம் திறக்கப்படும்போது தாய்க்கு வேலையும், குழந்தைக்கு வளர்ப்பும், அக்காளுக்குக் கல்வியும் ஒருங்கே கிடைக்கின்றன.

வளைந்து கொடுக்கும் வேலைநேரம்

காப்பகம் எவ்வளவு சிறந்ததாக இருப்பினும், காய்ச்சலுற்ற குழந்தையை அங்கு விட இயலாது. தடுப்பூசி நாள், பள்ளியில் பெற்றோர் கூட்டம், பாட்டியின் திடீர் உடல்நலக்குறைவு போன்றவை வேலைநேரத்தைக் கேட்டு வருவதில்லை. இங்குத்தான் நெகிழ்வான பணிநேரம் தேவைப்படுகிறது.

இது பலவகைப்படும். மொத்த மணிநேரத்தைக் குறைக்காமல் தொடக்க நேரத்தையும் முடிவு நேரத்தையும் மாற்றிக்கொள்ளுதல் ஒருவகை. குறைந்த நேரம் பணிபுரிந்து அதற்கேற்ப ஊதியம் பெறுதல் மற்றொரு வகை. சக ஊழியருடன் ஷிப்டை மாற்றிக்கொள்ளுதல், வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்து பணிபுரிதல் என்பனவும் உண்டு. பிரிட்டனில், சிறு குழந்தைகளின் பெற்றோர் இவ்வாறான மாற்றத்தைக் கேட்டு விண்ணப்பிக்கும் உரிமை 2003ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. பின்னர் அது ஊழியர் அனைவருக்கும் விரிவாக்கப்பட்டு, 2024ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் பணியில் சேரும் முதல் நாளிலேயே கேட்கத்தக்க உரிமையாயிற்று. வேலையளிப்பவர் தக்க காரணம் காட்டி மறுக்கலாம். ஆனால் கேட்டதற்காகத் தண்டிக்கலாகாது.

நெகிழ்வு என்பது எப்போதும் நன்மையே என்று எண்ணுதலும் தவறாகும். திருநெல்வேலி, தென்காசிப் பகுதிகளில் பெண்கள் பல தலைமுறைகளாக வீட்டிலிருந்தே பீடி சுற்றுகின்றனர். நேரம் அவர்கள் கையில்தான் உள்ளது. குழந்தையும் அருகிலேயே உள்ளது. ஆனால் சுற்றிய பீடியின் எண்ணிக்கைக்கே கூலி என்பதால் கை ஓய்வதில்லை. புகையிலைத் துகள் கலந்த காற்றையே குழந்தையும் சுவாசிக்கிறது. கணினியின் முன் அமர்ந்து வீட்டிலிருந்து பணிபுரியும் தாயின் நிலையும் ஓரளவு இதனை ஒத்ததே. ஒரே நேரத்தில் வேலையையும் குழந்தையையும் பார்க்குமாறு விடப்பட்டவளுக்கு இரண்டிலும் அமைதி இல்லை. நெகிழ்வான பணிநேரம் காப்பகத்துக்குத் துணையாகுமே தவிர, அதற்கு மாற்றாகாது.

நெகிழ்வைக் கேட்பவர் ஊதியத்திலும் பதவி உயர்விலும் பின்தங்க நேர்வது மற்றொரு சிக்கலாகும். பெண்களின் தொழில் வரலாற்றை ஆராய்ந்து 2023ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின், ஆண் பெண் ஊதிய வேறுபாட்டின் பெரும்பகுதி முதல் குழந்தை பிறந்த பின்னரே தோன்றுகிறது என்று காட்டினார். எந்நேரமும் அழைப்புக்குக் காத்திருப்பவருக்கு மிகுதியான ஊதியம் தரும் பணிகளில் தாய்மார் பின்னடைகின்றனர் என்பது அவருடைய விளக்கம்.

இதற்குத் தீர்வு உண்டு என்பதற்கு அவர் அமெரிக்க மருந்தாளுநர்களை எடுத்துக்காட்டினார். முன்பு மருந்துக்கடை உரிமையாளரே நாள் முழுதும் கடையில் இருக்க வேண்டியிருந்தது. பின்னர் கணினிப் பதிவேடுகளும் தரப்படுத்திய மருந்துகளும் வந்தன. ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றொருவர் பணியைத் தொடர முடிந்தது. குறைந்த நேரம் பணிபுரிந்தவரும் மணிக்கணக்கில் ஏறத்தாழ அதே ஊதியம் பெற்றார். பணியைப் பலரும் ஏற்று நடத்தத்தக்கதாக ஒழுங்குபடுத்தினால், ஒருவர் வீடு திரும்புவது நிறுவனத்துக்கு இழப்பாவதில்லை என்பதே இதிலிருந்து பெறத்தக்க பாடமாகும்.

தந்தையின் பங்கு

2019ஆம் ஆண்டில் இந்தியாவில் நடத்தப்பட்ட தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுவதாகக் கூறுகிறது. குழந்தைகளையும் முதியோரையும் பேணும் பணியில் பெண்கள் 134 நிமிடங்களும், ஆண்கள் 76 நிமிடங்களும் ஈடுபடுகின்றனர். ஊதியமில்லாத இவ்வுழைப்பின் பெரும்பகுதி பெண்ணுடையதாக இருக்கும்வரை, நெகிழ்வான பணிநேரமும் பெண்ணுக்கான சலுகையாகவே பார்க்கப்படும். சலுகை பெறுபவளைப் பணியமர்த்தத் தயங்குவோரும் இருப்பர்.

சுவீடன் 1974ஆம் ஆண்டில் மகப்பேற்று விடுப்பைப் பெற்றோர் விடுப்பாக மாற்றியது. இன்று அந்நாட்டில் ஒரு குழந்தைக்கு 480 நாள் விடுப்புப்படி கிடைக்கிறது. அதில் 90 நாள் தாய்க்கும் 90 நாள் தந்தைக்கும் தனித்தனியே ஒதுக்கப்பட்டவை. ஒருவர் பயன்படுத்தாவிடில் மற்றவருக்கு மாற்ற இயலாது. குழந்தைக்கு எட்டு வயதாகும்வரை தாயும் தந்தையும் தம் வேலைநேரத்தை நான்கில் ஒரு பங்கு குறைத்துக்கொள்ளவும் சட்டம் இடந்தருகிறது. இந்தியாவில் ஒன்றிய அரசின் ஆண் ஊழியருக்குத் தந்தைமை விடுப்பு 15 நாள்களாகும். தனியார் துறை ஆண்களுக்கு நாடு முழுவதற்கும் பொதுவான சட்ட உரிமை இதில் இல்லை. குழந்தையை வளர்ப்பதில் தந்தை பங்கேற்பதற்கு மனம் வேண்டும். அம்மனத்துக்கு நேரம் தரும் விதியும் வேண்டும்.

செலவை ஏற்பவர் யார்?

குழந்தை வளர்ப்புக்கு எப்போதும் செலவு உண்டு. காப்பகம் இல்லையெனில் அச்செலவு மறைந்துவிடுவதில்லை. வேலையை விட்ட தாயின் இழந்த ஊதியமாகவும், பள்ளியை விட்ட அக்காளின் இழந்த கல்வியாகவும், கவனிப்பற்ற குழந்தையின் குன்றிய வளர்ச்சியாகவும் குடும்பத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அரசுக் கணக்கேட்டில் பதியப்படாததால் அது கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

கனடாவின் கியூபெக் மாநிலம் 1997ஆம் ஆண்டில் அச்செலவைப் பொதுச்செலவாக்க முன்வந்தது. பெற்றோர் நாளொன்றுக்கு 5 டாலர் மட்டும் செலுத்தினால் போதும். எஞ்சியதை அரசு ஏற்கும் என அறிவித்தது. சிறு குழந்தைகளின் தாய்மார் வேலைக்குச் செல்வது அங்குக் குறிப்பிடத்தக்க அளவில் உயர்ந்தது. அதே வேளையில், இடங்கள் போதாமையால் பலர் காத்திருக்க நேர்ந்தது. சில காப்பகங்களின் தரம் குறித்தும் குறைகள் எழுந்தன. கட்டணத்தைக் குறைப்பது எளிது; இடங்களையும் பயிற்சி பெற்ற பணியாளரையும் உடன் பெருக்குவதே அரிது என்பதை அம்முயற்சி காட்டியது.

பணியாளரைப் பற்றிய எண்ணம் இங்கு இன்றியமையாதது. காப்பகத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவரும் பெரும்பாலும் ஒரு பெண்ணே. அவளுக்கும் குழந்தை இருக்கலாம். ஒரு தாய் வேலைக்குச் செல்வதற்காக மற்றொரு தாய் குறைந்த ஊதியத்தில் உழைப்பது நீதியாகாது. மதிப்பூதியத்துக்குப் பதிலாக ஊதியமும், பயிற்சியும், பணிப்பாதுகாப்பும் அவளுக்குக் கிடைத்தால்தான் காப்பகம் நிலைக்கும். குழந்தைகளின் முகமறிந்த பணியாளர் ஆண்டுதோறும் மாறாமலும் இருப்பார்.

பள்ளி, மருத்துவமனை, சாலை ஆகியவற்றை ஒவ்வொரு குடும்பமும் தானே அமைத்துக்கொள்ளட்டும் என்று எந்தச் சமூகமும் இன்று கூறுவதில்லை. ஏழைக் குழந்தையின் பசியைப் பள்ளியிலேயே தீர்க்க முற்பட்டபோது அதனை வீண்செலவு என்றவர்களும் இருந்தனர். இன்று மதிய உணவில்லாத அரசுப்பள்ளியை எண்ணிப் பார்க்கவும் இயலவில்லை. குழந்தைகள் காப்பகமும் அவ்வாறே பொதுவாழ்வின் இயல்பான பகுதியாகும் நாள் வரக்கூடும்.

மரக்கிளைத் தூளியை ஊரார் எவரும் திட்டமிட்டு அமைக்கவில்லை. தாயே தன் சேலையால் கட்டிக்கொண்டாள். தன் குழந்தை தன் கண்ணெதிரே இருக்க வேண்டும், அழுதால் எடுக்க வேண்டும், யாரேனும் ஒருவர் அதன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பவையே அவளுடைய தேவைகள். இயந்திரத்தின் முன்னும் கணினியின் முன்னும் நிற்கும் இன்றைய தாயின் தேவைகளும் அவையே. அவள் தனியாகக் கட்டிய தூளியை, இனி அரசும் தொழிலகமும் குடும்பமும் சேர்ந்து கட்ட வேண்டும்.